ஆவி அடங்கும் முன்: வடசென்னையில் முதல்முறை நேபாள மோமோ சாப்பிடப் போகிறவர்களுக்கு

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் என்று வடசென்னையில் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் பொழுது சாய்கிற நேரத்தில் மோமோ வேகும் ஓர் அலுமினிய அடுக்குப் பானை ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். பானிபூரி வண்டிக்குப் பக்கத்தில் ஒன்று, சிக்கன் பகோடா கடையை ஒட்டி இன்னொன்று. பெரும்பாலானவை நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போகும் வண்டிகள். இந்தக் கட்டுரை உட்கார்ந்து சாப்பிடும் சின்னக் கடைகளைப் பற்றியது. நாலைந்து மேசை, தலைக்கு மேல் ஒரு ஃபேன், பாதி சமையல்கட்டு கண்ணில் படும். நேபாளத்திலிருந்தோ டார்ஜிலிங், சிக்கிம் பக்கமிருந்தோ வந்தவர்கள் சமைப்பார்கள். ஒரு தட்டுக்கு நூறு ரூபாய்த் தாள் போதும்.

போவதற்கு முன் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மோமோ என்பது ஸ்டீமரிலிருந்து இறங்கிய பத்து நிமிடத்துக்குள் தின்று முடிக்க வேண்டிய பண்டம். எந்த நேரத்துக்குப் போவது, எத்தனை தட்டு சொல்வது, எங்கே உட்காருவது எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

ஏன் அப்படி? நம்மில் பலர் மோமோவை முதலில் பார்த்ததும் கொழுக்கட்டை என்றுதான் நினைக்கிறோம். வெளித்தோற்றம் சரி, உள்ளே நடப்பது வேறு. கொழுக்கட்டையில் பூரணத்தை முன்பே கிளறி வைத்துவிடுகிறோம், ஆவியில் வேகவேண்டியது அரிசி மாவு மட்டும்தான். மோமோவில் மைதா மாவை மெல்லிசாகத் தேய்த்து, கொத்துக்கறி, வெங்காயம், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி எல்லாவற்றையும் பச்சையாகவே வைத்து மூடுகிறார்கள். கூடக் கொஞ்சம் எண்ணெயோ கொழுப்போ சேர்ப்பார்கள். கறி உள்ளேயே வேகும்போது அதன் சாறு வெளியேற வழியில்லாமல் தோலுக்குள் தேங்கி நிற்கிறது. சூட்டோடு கடித்தால் அந்தச் சாறு வாயில் இறங்கும். ஆறவிட்டால் மாவு அதைக் குடித்துவிடும், கொழுப்பு உறையும், தோல் விறைக்கும். பிறகு எவ்வளவு சட்னி ஊற்றினாலும் பயனில்லை.

கடை பார்ப்பது

மாலை ஆறரைக்கு மேல் எட்டரைக்குள் போங்கள். அந்த நேரத்தில் கூட்டம் இருக்கும், ஸ்டீமர் அடுக்குகள் மளமளவென்று காலியாகி மறுபடி நிரம்பும். கூட்டமில்லாத கடையில் இடம் சுலபமாகக் கிடைக்கலாம். ஆனால் வெந்த மோமோ மெல்லிய தீயில் காத்துக்கிடக்கும் இடமும் அதுதான். இரவு பத்தரைக்குப் போய் ‘இருக்கிறதைக் கொடுங்க’ என்று கேட்டால், சுருங்கிப்போய்ப் பல்லில் ஒட்டுகிற தோல்தான் தட்டில் வரும்.

உள்ளே நுழையுமுன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். யாராவது உட்கார்ந்து மாவு தேய்த்து மடித்துக்கொண்டிருக்கிறார்களா? இருந்தால் தயங்காமல் உட்காரலாம். உறைய வைத்த மோமோவைப் பாக்கெட்டில் வாங்கி ஆவி காட்டி விற்கும் கடைகளும் நிறைய உண்டு. அது ஒன்றும் குற்றமில்லை. ஆனால் தோல் தடிமனாக இருக்கும், சாறு இருக்காது. மடிப்புகள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருந்தால் அது மெஷின் வேலை. கையால் மடித்ததில் ஒன்று கொஞ்சம் கோணலாக இருக்கும், ஒன்றின் கொண்டை பெரிதாக இருக்கும்.

அடுத்து, பக்கத்து மேசையில் என்ன சட்னி இருக்கிறது என்று பாருங்கள். இதைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். திட்டுத் திட்டான சிவப்பு மிளகாய்ப் பூண்டு சட்னியும் பக்கத்தில் வெள்ளை மயோனைஸும் இருந்தால், அது டெல்லித் தெருக்களின் வழியாக வந்த பாணி. இளம் ஆரஞ்சு நிறத்தில், தளதளவென்று, எள் வாசனையோடு ஒரு தக்காளிச் சட்னி இருந்தால் அது நேபாளச் சமையல்கட்டு. அச்சார் என்று அவர்கள் சொல்வது நம் ஊறுகாய் கிடையாது, இந்தச் சட்னிதான். சுட்ட அல்லது வேகவைத்த தக்காளி, வறுத்து அரைத்த எள், பூண்டு, மிளகாய், கொத்தமல்லி சேரும். நல்ல கடையென்றால் கொஞ்சம் டிம்மூரும் போட்டிருப்பார்கள். டிம்மூர் நேபாள மலைகளில் விளையும், மிளகு மாதிரி இருக்கும் ஒரு காய். எலுமிச்சை வாசம் அடிக்கும், நாக்கு லேசாக மரத்துச் சுறுசுறுக்கும். முதல்முறை அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

சுவரில் உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம் அல்லது பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 14 இலக்க எண் ஒன்று அதில் இருக்கும். அது இருப்பதாலேயே கடை சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்க ஓர் இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பேட்டைகளுக்கு ரயிலிலேயே போய் இறங்கிவிடலாம். எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போகிறவர்கள் பைகளோடு வந்து உட்காரும் கடைகள் சனி, ஞாயிறுகளில் நிரம்பி வழியும். முடிந்தால் வாரநாளில் போங்கள்.

என்ன சொல்வது

மெனு அட்டை நீளமாக இருக்கும். ஸ்டீம், ஃப்ரை, கோத்தே, சில்லி, ஜோல், தந்தூரி, குர்குரே என்று ஒரே பண்டத்துக்குப் பத்துப் பெயர். முதல்முறை போகிறவருக்கு என் பதில் ஒன்றுதான்: ஸ்டீம் சிக்கன் ஒரு தட்டு. எண்ணெயில் பொரித்தால் எந்த மாவும் எந்தக் கறியும் ருசியாகத்தான் இருக்கும், சமைத்தவரின் கை எப்படி என்று தெரியாது. ஆவியில் வெந்ததில் ஒளிந்துகொள்ள இடமில்லை. மாவு தடிப்பா, கறி பழசா, உப்பு கூடவா என்பது முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

அது பிடித்துப்போனால் இரண்டாவதாக ஜோல் மோமோ சொல்லுங்கள். வெந்த மோமோவைக் கிண்ணத்தில் போட்டு, மேலே எள்ளும் தக்காளியும் சேர்ந்த புளிப்பான ரசம் போன்ற சாற்றை ஊற்றித் தருவார்கள். காட்மாண்டுவில் இதற்கென்றே கூட்டம் கூடும். மழை நாளில் இதை விட்டுவிட்டு வேறு எதையும் சொல்ல எனக்கு மனசு வராது. கோத்தே என்பது ஒரு பக்கம் மட்டும் தவாவில் முறுகியது, அடியில் மொறுமொறுப்பும் மேலே மென்மையுமாக இருக்கும். மூன்றாவதாக அதைச் சொல்லலாம். சில்லி மோமோ குடைமிளகாய், வெங்காயம், சாஸ் எல்லாம் போட்டுப் பிரட்டியது, நம் ஊர் சில்லி சிக்கன் பிரியர்களுக்கு உடனே பிடித்துவிடும். தந்தூரியும், மேலே மொறுமொறுப்பான தூள் ஒட்டிப் பொரித்த குர்குரேயும் நேபாளத்துச் சமாச்சாரம் கிடையாது. சாப்பிடக் கூடாது என்று சொல்ல வரவில்லை, நேபாள மோமோ எப்படி இருக்கும் என்பதை அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

காட்மாண்டுவில் மோமோ என்றாலே முதலில் எருமைக்கறிதான், பஃப் என்பார்கள். நேபாளத்தில் பசு தேசிய விலங்கு, அதை வெட்டுவது சட்டப்படி குற்றம். எருமைக்கு அந்தத் தடை இல்லை. லாசாவோடு வணிகம் செய்த காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் வணிகர்கள்தான் திபெத்திலிருந்து இந்தப் பண்டத்தைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். எருமைக்கறியும் மசாலாவும் சேர்ந்தது அங்கே வந்த பிறகு. நம் பக்கத்தில் பெரும்பாலும் சிக்கன், பனீர், முட்டைக்கோஸ்தான் கிடைக்கும்.

தட்டுக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது எட்டு இருக்கும். எத்தனை என்று கேட்டுக்கொண்டு சொல்லுங்கள், இல்லாவிட்டால் விலையை ஒப்பிடவே முடியாது. நாலு பேர் போனால் நாலு தட்டையும் ஒன்றாகச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு சொல்லிப் பகிர்ந்து சாப்பிடுங்கள், முடியும் தறுவாயில் அடுத்த இரண்டைச் சொல்லுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு தட்டும் ஆவியோடு வரும். கூட வரும் சூப்பைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீமரின் அடிப்பாத்திரத்திலேயே எலும்பும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவிடும் கடைகள் உண்டு, அந்தச் சூப்புக்காகவே மறுபடி போகலாம். அடுப்பிலிருந்து தட்டு வர எவ்வளவு தூரமோ அவ்வளவு ஆறும் என்பதால், வாசல் காற்றுக்கு ஆசைப்படாமல் சமையல்கட்டுக்குப் பக்கத்து மேசையைப் பிடியுங்கள். வியர்க்கும்தான். வடசென்னைக்காரர்களுக்கு வியர்வையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தட்டு வந்ததும்

போட்டோ எடுப்பதாக இருந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

முதலில் தோலைப் பாருங்கள். நன்றாக வெந்த தோல் வெள்ளை மாவு நிறம் மாறி லேசாக ஒளி ஊடுருவும்படி, பளபளவென்று இருக்கும். விரலால் தொட்டால் ஒட்டாது. இதைத்தான் சமைப்பவர்களும் பதமாக வைத்திருக்கிறார்கள். கடித்த இடத்தில் கறி இளஞ்சிவப்பாகக் கொழகொழவென்று இருந்தால் சாப்பிடாதீர்கள், கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். கொத்திய கோழிக்கறி அரைவேக்காட்டில் இருப்பது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, வயிறு சம்பந்தப்பட்டது. இன்னும் சில நிமிடம் ஸ்டீமரில் வைத்துத் தரச் சொன்னால் போதும்.

ஸ்பூன், ஃபோர்க் தருவார்கள். ஃபோர்க்கால் குத்தினால் சாறு முழுதும் தட்டில் ஓடிவிடும். கையால் எடுப்பதுதான் சரி. கொண்டையைப் பிடித்துத் தூக்கி, ஒரு ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஊதி, உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்சுங்கள். மெதுவாகச் செய்யுங்கள், நாக்கு பொத்துப்போகும் சூடு அது. அந்த ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் சட்னியை உள்ளே விட்டு, மிச்சத்தை ஒரே வாயில் போடுங்கள். பழகியவர்கள் முழு மோமோவையும் அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள், அதைப் பார்த்து முதல் நாளே முயற்சி செய்ய வேண்டாம். கொண்டைப் பகுதியில் மாவு திரண்டு சில நேரம் கெட்டியாக இருக்கும். பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

முதல் மோமோவைச் சட்னி இல்லாமல் சாப்பிட்டுப் பாருங்கள், இரண்டாவதைச் சட்னியோடு. அதற்கப்புறம் உங்கள் இஷ்டம்.

மயோனைஸ் பற்றி

நேபாள மோமோவுக்கும் மயோனைஸுக்கும் சம்பந்தமே கிடையாது. இருந்தாலும் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் நாம் கேட்கிறோம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் எளிதாகப் பெருகும் என்பதுதான் காரணம். நம் ஊர் வெயிலில், ஃப்ரிட்ஜுக்கு வெளியே, நாள் முழுதும் திறந்த டப்பாவில் இருக்கும் வெள்ளைக் குழம்பைப் பற்றி அரசு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. முட்டையில்லாத மயோனைஸ் என்று சொல்லும் கடைகளிலும் அது எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். காரம் தாங்காத குழந்தைகளுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், சூப்பில் தொட்டுக் கொடுங்கள், அதுவே போதும்.

சட்னியில் எள் கட்டாயம் இருக்கும், சில கடைகளில் வேர்க்கடலையும் சோயாவும் சேரும். இவற்றில் எதாவது ஒவ்வாத உடம்பு என்றால் முன்பே கேட்டுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

வெஜ் மோமோ எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் அடுக்கு ஸ்டீமரில் தட்டுகளுக்கு ஓட்டை இருக்கும், மேல் அடுக்கில் வேகும் கறியின் சாறு கீழ் அடுக்கில் சொட்டும். தனி ஸ்டீமரா என்று கேளுங்கள். இல்லை என்றால், கண்டிப்பாகச் சைவம் பார்க்கிறவர்கள் சௌகார்பேட்டைப் பக்கம் போவது நல்லது. அங்கே சைவக் கடைகள்தான் அதிகம், பனீர் மோமோ தாராளமாகக் கிடைக்கும். கலந்து விற்கும் சில கடைகளில் வெஜ் பிறை வடிவம், சிக்கன் உருண்டை என்று மடிப்பிலேயே அடையாளம் வைத்திருப்பார்கள். கடைக்குக் கடை இது மாறும் என்பதால், பார்த்துத் தீர்மானிக்காமல் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

பேச்சு, பழக்கம்

மொழிக்காகத் தயங்காதீர்கள். இந்தக் கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் பலர் நம்மோடு பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் பழகியவர்கள். ‘காரம் கம்மி’, ‘சூடா குடுங்க’, ‘இன்னொரு சட்னி’ இவ்வளவு போதும். அண்ணா, தம்பி, அக்கா என்று மற்ற கடைகளில் கூப்பிடுவதுபோலவே கூப்பிடுங்கள். கூர்க்கா என்று கூப்பிடும் பழைய பழக்கம் இன்னும் நம் ஆட்களிடம் இருக்கிறது, அதை விட்டுவிடலாம். ‘நீ எந்த நாடு?’ என்று எடுத்த எடுப்பில் கேட்பதும் வேண்டாம். நேபாளி பேசுகிறவர்கள் எல்லாரும் நேபாள நாட்டுக்காரர்கள் இல்லை. டார்ஜிலிங்கிலும் சிக்கிமிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இந்தியர்களின் மொழியும் அதுதான், 1992இல் நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலும் அது சேர்ந்துவிட்டது. நேபாள நாட்டுக்காரர்களுமே 1950ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி விசா இல்லாமல் இங்கே தங்கி வேலை பார்க்கலாம். சட்டத்துக்கு உட்பட்டு வந்தவர்கள்தான்.

வடசென்னைக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் அத்தோ கடை போட்டபோது, அந்த ஆரஞ்சு நூடுல்ஸையும் வாழைத்தண்டு சூப்பையும் முதலில் முகம் சுளித்துப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்றைக்கு அத்தோ தெரியாத வடசென்னைப் பையன் உண்டா?

புரட்டாசியில் போவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நாம் கறியை நிறுத்தி வைத்திருக்கும் அந்த மாதத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் அவர்களுக்குத் தசைன் வருகிறது. நம் நவராத்திரி சமயத்தில் பதினைந்து நாள் நடக்கும், ஆட்டுக்கறி இல்லாமல் அந்தப் பண்டிகை கிடையாது. சமையல்காரர் கோரக்பூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து சுனௌலி எல்லை தாண்டி ஊர் போய்ச் சேர்வதற்கே நாட்கள் ஆகும் என்பதால், ஷட்டர் சில வாரம் மூடியே இருக்கலாம். அல்லது கடை திறந்திருக்கும், மடிக்கிற கை வேறாக இருக்கும்.

காசு விஷயம் சுலபம். ஸ்கேனர் அட்டை எல்லா மேசையிலும் உண்டு. பில் 170 வந்தால் 200 போட்டுவிட்டு எழுந்து வருவது அவரவர் விருப்பம், யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது.

பார்சல் வாங்கியே தீர வேண்டும் என்றால்

இதைச் சொல்ல மனமில்லைதான். வீட்டில் வயதானவர் இருக்கிறார், படியேற முடியாது என்று காரணங்கள் இருக்கும். அப்படியானால் ஸ்டீம் மட்டும் வாங்குங்கள், ஜோலை வாங்கினால் சாற்றைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். பொரித்தது மூடிய டப்பாவுக்குள் ஐந்து நிமிடத்தில் நனைந்த துணியாகிவிடும். சட்னியும் தனிப்பொட்டலம்தான். கடையிலிருந்து கிளம்பியதும் டப்பா மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே படியும் நீர் தோலை நொதநொதவென்று ஆக்கிவிடும்.

வீடு வந்ததும் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவிட்டு, தட்டில் எண்ணெய் தடவி, ஒன்றோடொன்று தொடாமல் மோமோக்களை அடுக்கி நாலைந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். இட்லித் துணி போட வேண்டாம், மாவு அதில் ஒட்டிக் கிழியும். முட்டைக்கோஸ் இலை இருந்தால் அடியில் விரித்துக்கொள்ளலாம். மைக்ரோவேவில் வைத்தால் ஓரமெல்லாம் காய்ந்து ரப்பராகிவிடும். வாங்கி வந்த அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். மிஞ்சியதை மறுநாள் காலையில் சூடாக்கும் யோசனை, கோழிக்கறி விஷயத்தில் வேண்டவே வேண்டாம்.